போயிட்டு வரேன்

வறண்ட ஆற்றின் அடியில் மணலும் களிமண்ணும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன. மணல் வீட்டுக்கு வரும் தண்ணீர் ஒருநாளும் தங்காது. "போயிட்டு வரேன்" என்று சந்துபொந்தில் புகுந்து கிளம்பிவிடும். "சரி, வா" என்று மணலும் விட்டுவிடும்.

"போனது எப்பவாவது திரும்பி வந்திருக்கா? நான்லாம் பிடிச்சதை விடவே மாட்டேன்" என்றது களிமண்.

கோடையில் ஒருத்தி மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் நிறைய மொண்டு போனாள். பள்ளம் காலியானது. மணல் பள்ளத்தை எட்டிப் பார்த்தது. களிமண் சிரித்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "கொஞ்சம் வழி விடுங்க."

"வரேன்னு சொல்லிட்டுப் போனது நீதானா?" என்றது மணல்.

"அது எங்க அக்கா. அவ சொன்ன சொல்லுக்கு நான் வந்தேன்" என்று பள்ளத்தை நிரப்பியது புதுத் தண்ணீர். "சரி, போயிட்டு வரேன். பின்னால தங்கச்சி நிக்கிறா."