அணைத்த அடுப்பு

குதிரைகள் ஆற்றைக் கடக்கும் சத்தம் கேட்டதும் லிஸ்பெத் வாளித் தண்ணீரை எடுத்து எரிகிற அடுப்பில் ஊற்றினாள்.

அவள் கணவன் யோஸ்ட் ஆள் உயர அடுப்புக்குள் குனிந்து நுழைந்தான். புகைக்கூண்டின் கற்களைப் பற்றி மேலே ஏறினான். கடைசியாக அவனுடைய பூட்ஸும் இருட்டுக்குள் மறைந்தது.

ராஜாவின் படையில் சேர்ந்து கனடாவுக்குப் போனவன். பிறந்த பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகத்தான் காட்டுவழியே வந்திருந்தான். யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

கதவைத் தட்டவில்லை. உதைத்தார்கள்.

உதைத்தவர் காப்டன் டிர்க், யோஸ்டின் அண்ணன். அவர் பிறந்து வளர்ந்த வீட்டுக் கதவுதான் அது. ராஜாவே வேண்டாம் என்று கிளம்பிய கூட்டத்துக்கு அந்தப் பக்கத்தில் அவர்தான் தலைவர். போன மாதம் தேவாலய வாசலில் ஊரே கேட்கச் சொன்னார்: “தம்பின்னு பாக்க மாட்டேன். கெடச்சா கயிறுதான்.”

லிஸ்பெத் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

ஆட்கள் பரணில் ஏறினார்கள். நிலவறையில் பீப்பாய்களை உருட்டினார்கள். தொழுவத்து வைக்கோலை ஈட்டிமுனையால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். மழையில் ஊறிப்போய்த் திரும்பி வந்தார்கள்.

சிவப்புத் தாடிக்காரன் ஒருவன் அடுப்பைப் பார்த்தான்.

“வெளிய பனிமழை கொட்டுது, கையில பச்சைப்புள்ள. அடுப்பு அணஞ்சு கெடக்கு. ஏன், ஒங்க ராஜா வந்து பத்தவைப்பாருன்னு ஒக்காந்திருக்கியா?”

மற்றவர்கள் சிரித்தார்கள்.

“வெறகு ஈரம்” என்றாள்..

அவன் சாம்பலுக்குள் கைவிட்டான்.

“சுடுதே.”

யாரும் சிரிக்கவில்லை.

அவன் படுக்கையைக் கிழித்து உலர்ந்த வைக்கோலை அள்ளிவந்து அடுப்பில் திணித்தான். சிக்கிமுக்கிக் கல்லை எடுத்தான். “நாமளே பத்தவைப்போம். புகை எங்க போகுதுன்னு பாப்போம்.”

முதல் உரசலில் பொறி பறந்தது. பிடிக்கவில்லை.

லிஸ்பெத்தின் கை இறுகியதில் பிள்ளை வீறிட்டது. அதே நேரம் மேலிருந்து கொஞ்சம் கரி உதிர்ந்து, அடுப்போரம் நின்ற டிர்க்கின் பூட்ஸ் மேல் விழுந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

முடிந்தது என்று நினைத்தாள்.

டிர்க் காலை நீட்டி வைக்கோலை வெளியே தள்ளினார்.

“போதும். குளிர்காயவா வந்தோம்? இருட்டறதுக்குள்ள மேல் பண்ணையப் பாக்கணும். கெளம்புங்க.”

தாடிக்காரன் எழ மனமில்லாமல் எழுந்தான். ஒவ்வொருவராக மழைக்குள் இறங்கினார்கள்.

கடைசியாக டிர்க் வந்தார். பிள்ளையைப் பார்ப்பவர்போல் அவள் பக்கம் குனிந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை.

“இன்னிக்கே போயிடச் சொல்லு. நாளைக்கு வந்தா நானே பத்தவைப்பேன்.”

அவள் பிள்ளையின் போர்வையை இழுத்து மூடினாள்.

வாசலைத் தாண்டியவர், திரும்பிப் பார்க்காமலே நின்றார்.

“எறங்கறப்ப இடது பக்கக் கல்லு ஆடும். பாத்துக் கால வைக்கச் சொல்லு. சின்னதுல நான் அதுலதான் விழுந்தேன்.”