பால்சோற்றுச் சத்தியம்

"பால்சோத்துல கையை வெச்சு சத்தியம் பண்ணிட்டேன் சாளூ. ராணியம்மா பக்கம்தான் வாள் பிடிக்கணும். அதைத் தின்னுட்டு வாக்கு மாறினா நரகம்தான்."

கோண்டாஜி தலைப்பாகையை இறுக்கிக் கட்டினார். ஊருக்கு வெளியே, பீமா நதிக்கரையில் இரண்டு படைகளும் வந்து நின்றுவிட்டன. இந்தப் பக்கம் ராணி தாராபாயின் மகனுக்காக. அந்தப் பக்கம், மொகலாயர் காவலிலிருந்து திரும்பி வந்த சாகு ராஜாவுக்காக. சிம்மாசனம் ஒன்று, உரிமை கேட்பவர் இருவர். அடுப்பு அணைவது என்னவோ ஊரார் வீட்டில்தான்.

"எதிர்ப்பக்கம் நிக்கிறது யாரு? நம்ம மாப்பிள்ளை நிம்பாஜி! உள்ளே ரக்மாவுக்கு ஏழு மாசம். பெத்த பொண்ணோட குங்குமத்தை நீங்களே அழிப்பீங்களா?"

"அவன் என் எதிர்ல வந்தா வெட்டித்தான் ஆகணும். நான் என்னடி செய்வேன்?"

சாளுபாய் முற்றத்துத் துளசிச் செடியின் மேல் கையை வைத்தாள்.

"ஏங்க, நீங்க சத்தியம் பண்ணின அன்னிக்கு ஏகாதசி. குதிரை மேலயே அலையறவருக்கு நாள் கிழமை எங்கே தெரியப்போகுது? கழுத்துல துளசி மாலை போட்ட மனுஷனுக்கு ஏகாதசியில அரிசிச் சோறு போடுவேனா? அன்னிக்குக் கோயில்ல நான் பால்ல வேகவெச்சது குதிரைவாலி. சோறே இல்லாதப்போ அது எப்படிப் பால்சோத்துச் சத்தியம் ஆகும்? இந்தத் துளசி மேல ஆணை!"

கோண்டாஜி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படியா சங்கதி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

முரசு முழங்கியது. படை பாய்ந்தது. கோண்டாஜி மட்டும் குதிரையை ஓரமாக நிறுத்திக்கொண்டார். வாள் உறையைவிட்டு வெளியே வரவில்லை.

கூட்டாளி ராணோஜி பதறிப்போய் ஓடிவந்தான். "என்ன அண்ணா இது? சத்தியம் என்னாச்சு?"

"அது குதிரைவாலியாம். அதனால செல்லாதாம். உங்க அண்ணி சொன்னா."

"நல்ல கூத்து! நானும் உங்க பக்கத்துல உக்காந்துதானே தின்னேன்? மணக்க மணக்க அரிசிச் சோறு! அன்னிக்கு ஏகாதசியும் இல்லே, ஒண்ணும் இல்லே!"

"தெரியும்டா. ஏகாதசி தவறாம குதிரைவாலி தின்ன நாக்குடா இது" என்ற கோண்டாஜி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொய்யே சொல்லாதவ, துளசியைத் தொட்டுப் பொய் சொல்லிட்டாடா. அவளை மட்டும் தனியா நரகத்துக்கு அனுப்பச் சொல்றியா?"