நகரும் பட்டியல்

“ஏம்பா, கணக்காளர் பேருக்கு நேராத்தான் ‘அனுமதி’ பட்டனை அமுக்கினேன். லீவு வேற யாருக்கோ போயிடுச்சே!” மேலாளர் திரையைக் காட்டிப் பொரிந்து தள்ளினார்.

“புது விண்ணப்பம் வந்ததும் பட்டியல் தானா வரிசை மாறுது சார். நீங்க அமுக்குற நேரத்துல அந்த இடத்துக்கு வேற பேர் வந்துடுச்சு,” என்றான் புரோகிராமர்.

“எப்போ சரி பண்ணுவே?”

“பத்து நிமிஷ வேலைதான் சார். ஆனா பத்து நாள் கழிச்சுத்தான் முடியும்.”

“ஏன்?”

“மூணு தடவை நீங்க மறுத்த என்னோட லீவைத்தான் இப்போ குடுத்திருக்கீங்க. வீட்டுல பாப்பா பிறந்திருக்கு சார்!”

“இப்பவே ரத்து பண்றேன்!”

“பார்த்து சார். ‘ரத்து’ பட்டனும் அதே பட்டியல்லதான் இருக்கு. அடுத்த வாரம் குடும்பத்தோட போறீங்களே, அந்த லீவும் அதுலதான் இருக்கு.”

மேலாளரின் விரல் அந்தரத்தில் நின்றது.

“பாப்பாவைக் கேட்டதாச் சொல்லுப்பா.”