முன்னால் மரம், பின்னால் வீடு

பாலர் வகுப்பின் தரை முழுக்க வண்ணக் காகிதத் துணுக்குகள். ஜன்னல் வெயில் பசைக் கிண்ணத்தில் விழுந்து மினுங்குகிறது. டீச்சர் மண்டியிட்டு, ஒரு சிறுமியின் விரலைப் பிடித்துப் பெரிய மரத்தை அட்டையின் கீழ்ப்பக்கம் ஒட்டவைக்கிறாள். "கிட்ட இருக்கறது பெருசு, தூரத்துல இருக்கற வீடு சின்னது. முதல்ல முயல் கிளம்புது, அப்புறம்?" "மழை வருது மிஸ்!" மூன்று அட்டையில் ஒரு கதை, இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் உருவாக்கிய பாடம். அதை எழுதிவைத்த நோட்டைப் பக்கத்து வகுப்பு ஆசிரியையான தோழி வாங்கிப்போய்ப் பத்து நாளாகிறது. இப்போது அந்தத் தோழி, தலைமையாசிரியையோடும் ஓர் அதிகாரியோடும் வாசலில் நிற்கிறாள். "இது நானா யோசிச்ச முறை சார். இப்போ எல்லா வகுப்புலயும் இதுதான்." அதிகாரி டீச்சர் பக்கம் குனிந்து, "நீங்களும் இவங்ககிட்டதான் கத்துக்கிட்டீங்களா?" என்கிறார். அவள் வாய் திறப்பதற்குள் தோழி முந்திக்கொள்கிறாள். "ஆமா சார், அக்கா சட்டுனு புடிச்சுக்கிட்டாங்க." தலைமையாசிரியை கைதட்ட, பிள்ளைகளும் சேர்ந்து தட்டுகிறார்கள். டீச்சர் தோழியின் கண்ணைத் தேடுகிறாள். அது முயல் படத்தை விட்டு நகரவில்லை. விரல்களில் பசை இறுகுகிறது. அந்த 'அக்கா'வை மட்டும் தோழி எப்போதும் போலவே, கொஞ்சமும் பாசம் குறையாமல் சொல்லியிருக்கிறாள்.