நான்காவது அடையாளம்

"யா அல்லாஹ்!" என்று முதலில் அலறியவர், பொத்தான் பலகையில் முதுகைச் சாய்த்து நின்ற கட்டம்போட்ட சட்டைக்காரர்தான். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் குலுங்கி நின்றது. விசிறியும் நின்றது.

உள்ளே மூன்று பேர். சட்டைக்காரர், ஆறாம் மாடியில் பைஅத் வாங்கப் போகிற ஷெய்கு, கதவு மூடுகிற நேரத்தில் சாப்பாட்டுப் பையோடு ஓடிவந்து ஏறிக்கொண்ட ஒரு பெண்.

"மணியை அடிங்கண்ணே!"

"அழுத்திட்டேம்மா. வேலை செய்யலை போல."

பைஅத் சும்மா விஷயம் இல்லை. இனி ஆயுசுக்கும் என் வழிகாட்டி நீங்கள்தான் என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுப்பது. சட்டைக்காரரின் அண்ணன் அந்தக் கையை ஒரு போலியிடம் நீட்டி, வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு, இன்று சொந்தப் பிள்ளைகளே முகம் கொடுக்காத மனிதராகிவிட்டார்.

அதனால் தம்பி இந்த ஷெய்கைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் இன்று வந்திருந்தார். மார்க்கக் கல்வி உண்டா? உண்டு. முறையான குருவிடம் அனுமதி பெற்றவரா? ஆமாம். பணத்தில் கண்ணா? கிடையவே கிடையாது. மிச்சம் இருந்தது குணம். கூட்டத்துக்கு முன்னால் எல்லோரும் பஞ்சாகத்தான் பேசுவார்கள், நெருக்கடியில் இவர் எப்படி என்று சொல்லத்தான் ஆளில்லை.

இப்போது ஷெய்கு கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். சட்டைக்காரர் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேல அத்தனை பேரு காத்துக்கிட்டிருக்காங்களே ஹஜ்ரத், கோவம் வரலையா?"

"யாரு மேல கோவப்பட? லிஃப்ட் மேலயா?" ஷெய்கு சிரித்தார். "பாவம், அதுக்கு மறுமையில கேள்வி கணக்குகூடக் கிடையாது."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. முகமெல்லாம் வேர்த்து, கதவைப் படபடவென்று தட்ட ஆரம்பித்தாள். "கயிறு அறுந்துடுமா? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குங்க!"

"அறுந்துடாதும்மா. ஒண்ணு போனாலும் மிச்சக் கயிறு தாங்கும். எல்லாமே போனாலும் அடியில பிரேக்கு கடிச்சுப் பிடிச்சுக்கும்," என்றார் சட்டைக்காரர். சொல்லி முடித்ததும் பொத்தான் பலகையோடு இன்னும் ஒட்டி நின்றுகொண்டார்.

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள்.

ஷெய்கு சட்டென்று தலைப்பாகையை அவிழ்த்தார். அந்த அழுக்குத் தரையிலேயே உட்கார்ந்து, துணியை மடித்து விசிறினார். "பெரியவன் என்ன படிக்கிறான்மா? சின்னது சேட்டையா? கண்ணை மூடிக்கிட்டு அதுங்களைப் பத்திச் சொல்லு, நான் கேக்குறேன்." அவருடைய அங்கி வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. குரல் மட்டும் பெற்ற தகப்பன் குரல்.

நான்காவது அடையாளமும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சட்டைக்காரரால் சந்தோஷப்பட முடியவில்லை. அந்தப் பெண்ணின் உதடு வெளுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வலது கை பேன்ட் பைக்குள் போய் எதையோ இறுகப் பிடித்தது. இப்படி வந்து மாட்டிக்கொண்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஷெய்கு மெல்ல எழுந்தார். சட்டைக்காரரின் தோளில் கைபோட்டு, பெண்ணுக்குக் கேட்காதபடி காதருகே குனிந்தார். இப்போதும் அந்தக் குரலில் துளி கோபம் இல்லை.

"அந்தப் பொண்ணு கண்ணை மூடியிருக்கு, பாக்காது. என்னைச் சோதிச்சது போதும், பைக்குள்ள இருக்கிற சாவியை அந்தப் பலகையில போட்டு லிஃப்டை விடுங்க தம்பி."