தமிழ் அலமாரி

“தங்கவேலுன்னு ஒருத்தர் தினமும் வந்து உட்கார்ந்திருக்காராமே, அந்தக் கடை இதுதானா?”

மூன்று மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் ரேவதி கேட்டாள்.

“ஹொக்கே... ஆமா, இதுதான்” என்று பர்மியத்தில் தொடங்கித் தமிழில் முடித்த ஜெயகுமாரி, கல்லாவிலிருந்து எழுந்தே விட்டாள்.

யாங்கூனில், சூலே புத்தர் கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தில் அவள் தனி ஆளாக நடத்தும் கடை. வெளிநாட்டு மொழிப் புத்தகங்கள் மட்டும்தான். ஊரை விட்டுப் பறக்கத் துடிக்கும் பிள்ளைகள் ஜப்பானிய, கொரிய, சீனப் பாடப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போவார்கள். மூலையில் ஒரு தமிழ் அலமாரியும் உண்டு. அதைத் தொட ஆள் கிடையாது, தங்கவேலுவைத் தவிர.

“நீங்க ரேவதிதானே? ஊ தங்கவேலு போன்ல போட்டோ காட்டியிருக்காரு. உட்காருங்க. டீ சொல்லட்டா?”

“ஊ போட்டுக் கூப்பிடற மரியாதையெல்லாம் பலமாத்தான் இருக்கு. டீ குடிக்க நான் ஆத்தைத் தாண்டி வரலை.”

ஜப்பானிய அலமாரியின் முன் நின்ற இரண்டு பர்மியப் பெண்களுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் சண்டை புரிந்தது. எடுத்த புத்தகத்தை வைத்துவிட்டு நைசாகப் படியிறங்கினார்கள்.

ரேவதி விடவில்லை.

“அக்கரையில, டாலாவுல சோத்தை வடிச்சு வெச்சுக்கிட்டு நான் வாசலைப் பார்த்துக்கிட்டிருக்கேன். அவர் கடைசி போட்டுலதான் வந்து இறங்கறார். கேட்டா, போட்டுல கூட்டமாம்! புதுசா ரெண்டு லோஞ்சி எடுத்துக் கட்டறார். போன வாரம் தலைக்குச் சாயம். எனக்காகவா பூசிக்கிட்டார்?”

ஜெயகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் விரல் தானாகப் போய்த் தன் காதோரத்து நரையை ஒதுக்கியது.

“இங்கே வந்து அப்படி என்னதான் பண்றார்?”

“கதை படிச்சுக் காட்டுவாரு.”

“என்னது, கதையா?”

“எங்க அப்பா தமிழு, அம்மா பர்மா. எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அப்பா சேர்த்து வெச்ச புத்தகம் அப்படியே தூசி பிடிச்சுக் கிடந்துச்சு. இவரு வந்து ஒண்ணை எடுத்தாரு. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். நின்னுக்கிட்டே படிச்சாரு. சரியான இடமாப் பார்த்து நிறுத்திட்டு, மிச்சம் நாளைக்குன்னு போயிட்டாரு. அப்புறம் தினமும் நாளைக்கு, நாளைக்குன்னு...”

“வீட்டுல வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும் அந்த மனுஷனுக்கு! இங்கே கதாகாலட்சேபமா?”

நாற்காலியை இழுத்துப் போட்டு ரேவதி உட்கார்ந்தாள். போலீஸ் விசாரணை மாதிரி கேள்விகள் பாய்ந்தன.

“கல்யாணம் ஆகலையா?”

“அம்மா படுத்த படுக்கை. பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். இப்ப அம்மாவும் இல்லை.”

“கூடப் பிறந்தவங்க?”

“நான் ஒருத்திதான்.”

“கும்பிடறது யாரை? புத்தரையா, முருகனையா?”

“ரெண்டு பேரையும். யாரும் கோவிச்சுக்கலை.”

“சமைப்பீங்களா?”

“மோஹிங்கா நல்லா வரும். சாம்பார்தான் கொஞ்சம்...”

“சாம்பார் இல்லாம அவருக்குச் சோறு இறங்காது.”

“தெரியும்.”

“அதுவும் தெரிஞ்சு போச்சா!”

ஜெயகுமாரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சரி, இத்தனை நாளாப் படிச்சுக் காட்டறாரே, உங்களுக்குச் சொல்லிக் குடுக்கலையா?”

“எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு வந்திருக்கேன்.”

ரேவதி எழுந்து போய், தமிழ் அலமாரியிலிருந்து கைக்கு வந்த ஒரு புத்தகத்தை உருவினாள். நடுப்பக்கத்தைப் பிரித்து நீட்டினாள்.

“எங்கே, படிங்க பார்ப்போம்.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

ஜெயகுமாரி வரியில் விரல் வைத்துப் படித்தாள். “ம...ழை... விட்...டதும்... அவள்... கு...டை...யை... மற...ந்து... போனாள்.” ஒரு வரிதான். முடிப்பதற்குள் நெற்றி முழுக்க வியர்த்துவிட்டது. கரண்ட் இல்லாததால் தலைக்கு மேல் மின்விசிறியும் சும்மாதான் தொங்கியது.

ரேவதி ஜெயகுமாரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ஜெயகுமாரி புத்தகத்தை மூடினாள்.

“போதும், ரேவதி. நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குப் புரியுது. யார் குடும்பத்தையும் கெடுக்கணும்னு நான் நினைக்கலை. நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு நானே அவர்கிட்ட சொல்லிடறேன்.” மூடிய புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைத்தாள். “கதை பாதியில நிக்குது. நின்னா நிக்கட்டும்.”

ரேவதி பதறிப்போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“ஐயையோ, காரியத்தைக் கெடுத்துடாதீங்க! பொண்ணு பார்க்கப் போனா நாலு கேள்வி கேட்கணும், ஒரு பாட்டாவது பாடச் சொல்லணும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க, எனக்கு என்ன தெரியும்? மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து வந்து கேட்க எங்க பக்கம் வேற யாரும் இல்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துட்டாங்க, அதான் நானே வந்துட்டேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு... எங்க அப்பாவைக் கட்டிக்கறீங்களா?”