நான்கு பொட்டுகள்

நான்கு ஹார்ட் டிஸ்குகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தது. பூங்கோதை மார்க்கரால் எழுதியிருந்த ஒன்று, இரண்டு, மூன்று, நான்கைத்தான் காணோம்.

பழைய கணினி படுத்துவிட்டது. டிஸ்குகளைப் புதியதில் மாட்டவேண்டும். ஒவ்வொரு கல்யாண வீடியோவும் நான்கிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. வரிசை தவறினால் எதுவும் திறக்காது. பிற்பாடு செத்துப்போன எத்தனையோ தகப்பன்மார் அதற்குள்தான் இன்னும் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருண்ணே நம்பரை அழிச்சது?"

"ஆயுத பூசைக்குக் கிறுக்கலோடயா வைக்கிறது? ஒவ்வொண்ணா கழட்டித் துடைச்சுப் பொட்டு வெச்சுத் தட்டுல போட்டேன்மா" என்றார் ஸ்டுடியோ முதலாளி ஞானவேல், பெருமையாக.

"மேலேருந்து கழட்டுனீங்களா, கீழேருந்தா?"

"மேலேருந்துதான்."

பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு டிஸ்குகளை வெளிச்சத்தில் பரப்பினாள். மனுஷன் குங்குமத்தை ஒரே தடவைதான் தொட்டிருக்கிறார். ஒன்றில் பொட்டு அப்பிக் கிடந்தது. அடுத்தடுத்து மங்கி, கடைசி ஒன்றில் விரல் பட்ட சாயல் மட்டும் இருந்தது. மேலே இருந்ததுதான் ஒன்று; அப்பிக் கிடந்ததை முதலாக வைத்து அந்த வரிசையிலேயே மாட்டினாள்.

திரையில் யாரோ ஒரு தகப்பன் குனிந்து, "இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?" என்றார்.

ஞானவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியாம்மா, எல்லாம் பூசையோட மகிமை."

பூங்கோதை மார்க்கரின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, அவர் நெற்றியிலிருந்த பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.